காலனி என்று எழுதலாமா?
மனிதவளம், செயற்கை நுண்ணறிவு, சாதி: நினைவுச் சொற்பொழிவு



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளை அடுக்கிவிட்டுக் கலைந்துபோவது நம் ஊர் வழக்கம். அவர் விட்டுச்சென்ற வேலை இன்று எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் ஓர் இலக்கிய மேடையில், கேட்டவுடன் கணினி வகுப்பு மாதிரித் தோன்றும் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டேன்: மனிதவளத் துறையில் செயற்கை நுண்ணறிவு.

இதற்கும் இலக்கியத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நம் பிள்ளைகள் வாழ்நாளில் அதிகம் எழுதும் பிரதி எது? பயோடேட்டா. பெயர், தகப்பனார் பெயர், முகவரி, படித்த பள்ளி, கல்லூரி. ஒரு பக்கத்தில் ஒரு வாழ்க்கை. அந்தப் பிரதியை இதுவரை ஒரு மனிதர் வாசித்தார். சாதி பார்த்து வாசித்தார் என்றாலும் வாசித்தவர் மனிதர்தான். இப்போது பெரிய நிறுவனங்களில் முதல் வாசிப்பை ஒரு மென்பொருள் செய்கிறது. ஆயிரம் பயோடேட்டாக்களில் ஐம்பதை மட்டும் எடுத்து மேலாளரின் மேசைக்கு அனுப்புகிறது. மிச்சம் 950 பேருக்கு ஏன் அழைப்பு வரவில்லை என்று யாரும் சொல்வதில்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை. வாசகர் மாறிவிட்டார் என்றால் அது இலக்கியக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்திதான்.

மேஸ்திரியிலிருந்து மென்பொருள் வரை

மனிதவளம் என்ற சொல் நமக்குப் புதிது. ஆள் பிடிப்பது பழையது. தமிழக அரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையே 2021-இல் மனிதவள மேலாண்மைத் துறை என்று பெயர் மாறியது. அதற்கு வெகுகாலம் முன்பே தர்மபுரி மாவட்டம் ஆள் அனுப்பும் மாவட்டம். மழை பொய்த்தால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், செங்கல் சூளைக்கும், திருப்பூருக்கும் போக வேண்டும். கூட்டிப்போனவர் மேஸ்திரி. முன்பணம் கொடுத்தவரும் அவரே, கூலியைப் பிடித்துக்கொண்டவரும் அவரே. ஆனால் அவருக்கு வீடு இருந்தது. கூலி வரவில்லை என்றால் அவர் வீட்டு வாசலில் போய் உட்காரலாம்.

அடுத்து நூற்பாலைத் தரகர்கள் வந்தார்கள். சுமங்கலித் திட்டம் என்று மங்கலப் பெயர் வைத்து, மூன்றாண்டு வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று சொல்லி, மேற்கு மாவட்ட ஆலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போனார்கள். போனவர்களில் பெரும்பகுதி தலித் பெண்கள். ஆலையைக் கேட்டால் தரகரைக் கைகாட்டியது. தரகரைக் கேட்டால் ஆலையைக் கைகாட்டினார்.

இன்று ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக ஆள் எடுக்கிறார்கள். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்பது அதன் சாரம். பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. நாம் கவனிக்க வேண்டியது, இந்த விதி வாய்மொழியாகச் சொல்லப்பட்டது என்று ஆள்சேர்ப்பு முகவர்கள் கூறியதைத்தான். எழுத்தில் இல்லாத விதியை எந்த நீதிமன்றத்தில் காட்டுவது?

இந்த வரிசையில் மென்பொருள் அடுத்த படி. ஒவ்வொரு படியிலும் முடிவு எடுப்பவர் நம் கண்ணிலிருந்து இன்னும் கொஞ்சம் விலகிப் போயிருக்கிறார்.

இயந்திரம் யாரிடம் படித்தது?

ஆள் எடுக்கும் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறுவனம் கடந்த காலத்தில் யாரை வேலைக்கு எடுத்தது, யார் பதவி உயர்வு பெற்றார்கள் என்ற தரவை அதற்குக் கொடுக்கிறார்கள். அவர்களிடம் பொதுவாக என்ன இருந்தது என்று அது கண்டுபிடித்துக்கொள்கிறது. புதிதாக வரும் பயோடேட்டாவில் அதே சாயல் இருந்தால் மதிப்பெண் கூடும், இல்லாவிட்டால் குறையும்.

அமேசான் நிறுவனம் 2014-இல் அப்படி ஒன்றைச் செய்து பார்த்தது. 10 ஆண்டுகளில் வந்த விண்ணப்பங்கள் அதற்குப் பாடப்புத்தகம். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. எனவே ஆண்தான் தகுதி என்று இயந்திரம் கற்றுக்கொண்டது. விண்ணப்பத்தில் 'பெண்கள்' என்ற சொல் வந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களைக் கீழே தள்ளியது. சரிசெய்ய முடியாமல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். 2018 அக்டோபரில் இது வெளியே வந்தது.

2024-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்றைய மொழி மாதிரிகள் மூன்றை எடுத்து, உண்மையான விண்ணப்பங்களில் பெயரை மட்டும் மாற்றிச் சோதித்தார்கள். வெள்ளையருக்குரிய பெயர்களுக்கு 85 சதவீதம் முன்னுரிமை கிடைத்தது. கறுப்பின ஆண் பெயர் வெள்ளை ஆண் பெயரை ஒருமுறைகூட முந்தவில்லை.

இந்தியாவில் இந்தச் சோதனையை மனிதர்களிடம் முன்பே செய்துவிட்டார்கள். சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெலும் நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்பினார்கள். முடிவு 2007-இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் வந்தது. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு 100 என்றால், தலித் பெயருக்கு 67, முஸ்லிம் பெயருக்கு 33. அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களைப் பேட்டி கண்டு எழுதினார்கள். சாதி பார்ப்பதில்லை, தகுதிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அதே மூச்சில் 'குடும்பப் பின்னணி'யை விசாரிப்போம் என்றும் சொன்னார்கள். அந்த மேலாளர்கள் எடுத்த முடிவுகளின் குவியல்தான் இன்றைய இயந்திரத்துக்குப் பாடப்புத்தகம். குருவின் குணம் சீடனுக்கு வராமல் போகுமா?

2025 அக்டோபரில் 'எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ' இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. தலித் சமூகவியலாளர் ஒருவர் பெங்களூரில் முதுமுனைவர் ஆய்வு நல்கைக்கு விண்ணப்பம் எழுதி, ஆங்கிலத்தைச் சீர்படுத்தச் சொல்லி சாட்ஜிபிடியிடம் கொடுத்திருக்கிறார். அது ஆங்கிலத்தோடு சேர்த்து அவருடைய பெயரின் பின்பகுதியையும் திருத்தி, 'சர்மா' என்று போட்டுவிட்டது. ஆய்வு நல்கை கேட்பவர் சர்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பது அது படித்த பாடம். அந்த இதழ் நடத்திய சோதனையில், கோடிட்ட இடத்தை நிரப்பும் வாக்கியங்களில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு அந்த மாதிரி சாதியின் பழைய அச்சிலேயே விடை சொன்னது.

பெயரில் இல்லை, முகவரியில் இருக்கிறது

தமிழ்நாட்டில் நமக்கு ஒரு பாதுகாப்பு உண்டு என்று சிலர் சொல்வார்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு, பெயருக்குப் பின்னால் சாதி போடும் பழக்கம் இங்கே தேய்ந்துவிட்டது. முன்னால் தலைப்பெழுத்து, பின்னால் பெயர், அவ்வளவுதான். தோரட் செய்த சோதனையை இங்கே அப்படியே செய்ய முடியாது. இது பெரிய சாதனை. ஆனால் பெயரைத் துடைத்த நாம் முகவரியைத் துடைக்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் பாலக்கோடு பக்கத்தில் ஒரு வழிகாட்டுதல் முகாமில் ஒரு பெண்பிள்ளை என்னிடம் கேட்டது: "அக்கா, அட்ரஸ்ல காலனின்னு எழுதலாமா, இல்ல தெருப் பேர மட்டும் போடலாமா?" நான் சமூகவியலில் படித்த எந்தப் புத்தகத்தையும் விட அந்தக் கேள்வி கனமானது. சென்னையிலோ கோவையிலோ காலனி என்றால் வங்கி ஊழியர் குடியிருப்பாகக்கூட இருக்கலாம். நம் மாவட்டத்தில் காலனி என்றால் ஒரே பொருள்தான்.

நத்தம் காலனியை நினைத்துக்கொள்ளுங்கள். 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. 250-க்கும் மேற்பட்ட வீடுகள். பெங்களூரில் கூலி வேலை பார்த்துக் கட்டிய வீடுகள் அவை. வீட்டோடு பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. கொளுத்த வந்தவர்களுக்கு எந்த வீடு யாருடையது என்று பெயர் கேட்கத் தேவைப்படவில்லை. இடம் போதுமானதாக இருந்தது. 'அண்ணா நகர்' என்ற பெயரைக் கவனியுங்கள். சென்னை அஞ்சல் குறியீட்டோடு வந்தால் அது வசதியானவர்களின் பகுதி. தர்மபுரிக் குறியீட்டோடு, நாயக்கன்கொட்டாய் அஞ்சலோடு வந்தால் வேறு. எண்ணையும் பெயரையும் சேர்த்துப் பொருள் காண்பதில் இயந்திரத்தைவிடக் கெட்டிக்காரர் யாரும் இல்லை.

2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு ஆதிதிராவிடர் நல விடுதிகள் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் மாறின. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம் என்று நீதிபதி சந்துரு குழு 2024-இலேயே பரிந்துரைத்திருந்தது. இவற்றை வரவேற்கிறேன். கூடவே வரலாற்றையும் பார்க்கச் சொல்கிறேன். இழிவான பெயர்கள் வேண்டாம், ஆதிதிராவிடர் என்று எழுதுங்கள் என்று எம்.சி. ராஜா போராடி 1922-இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அன்று மானத்தின் பெயராக வந்த அந்தச் சொல், நூறாண்டுக்குள் பள்ளிச் சான்றிதழில் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கும் சொல்லாக மாற்றப்பட்டது. சமூகம் மாறாமல் சொல் மட்டும் மாறினால், பழைய அழுக்கு புதிய சொல்லிலும் ஏறிக்கொள்ளும். இயந்திரத்திடம் சாதி என்ற கட்டத்தை மறைத்துவிட்டோம் என்று நிறுவனங்கள் சொல்வதும் இந்தக் கதைதான். சாதி என்றால் என்னவென்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. இந்தப் பள்ளி, இந்த விடுதி, இந்த அஞ்சல் குறியீடு, தமிழ்வழிக் கல்வி, இடையில் இரண்டு வருடம் கூலி வேலைக்குப் போன இடைவெளி: இவை சேர்ந்து வரும் விண்ணப்பங்களைத் தள்ளிவிடு என்று மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

மேலே தேர்வு, கீழே காவல்

இதுவரை பேசியது உள்ளே நுழையும் வாசல். உள்ளே இருப்பவர்களின் கதை வேறு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளங்களிலும் கைபேசிச் செயலியில் வருகைப் பதிவு கட்டாயமானது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, இடமும் நேரமும் பதிவாகும் படம். சிக்னல் கிடைக்காத மலையடிவாரத்தில் படம் ஏறவில்லை என்றால் என்ன ஆகும்? வெயிலில் மண் வெட்டிய உடம்பு சாட்சி ஆகாது. ஏறாத படம்தான் சாட்சி.

அதற்கு முன் 2021-இல் இன்னொன்று நடந்தது. பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று கூலியைத் தனித்தனிப் பட்டியலாக அனுப்ப மத்திய அரசு அறிவுறுத்தியது. ஒரே ஏரியில் ஒன்றாக மண் சுமந்தவர்களுக்கு வெவ்வேறு நாளில் கூலி வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு அது கைவிடப்பட்டது. வேலைத்தளத்தில் இல்லாத பிரிவினையைக் கணக்கு முறை கொண்டுவந்து சேர்க்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வடக்கே சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் கையில் இருப்பிடம் காட்டும் கடிகாரத்தைக் கட்டிவிட்டார்கள். எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று ஓர் அறையில் இருந்தபடி பார்க்கலாம். அந்த நகராட்சிகளின் பொறியாளர்கள் கையில் அப்படி ஒரு கடிகாரம் கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மலக்குழியில் இறங்கும் வேலைக்கு இயந்திரம் வருவதற்கு இத்தனை காலமாகிறது. அந்தத் தொழிலாளியைக் கண்காணிக்கும் இயந்திரம் மட்டும் உடனே வந்துவிடுகிறது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தனியார்மயத்தை எதிர்த்து 13 நாட்கள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் கேட்டது யாரிடம் வேலை பார்க்கிறோம் என்ற கேள்வியைத்தான். முதலாளி யார் என்று தெரிந்தால்தானே உரிமை கேட்க முடியும்.

மறுபக்கமும் உண்டு

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஓசூரில் வேலை தேடும் நம் தம்பி ஒருவர் சொன்னார்: "அக்கா, மெஷின் பேட்டி எடுத்தா நல்லதுதான். அது எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெருன்னு கேக்காது. மூஞ்சியப் பாத்து முடிவு பண்ணாது." அந்தத் தெருக் கேள்வியை எதிர்கொண்ட யாரும் இந்த வாதத்தைச் சிரித்துத் தள்ள மாட்டார்கள். மனித மேலாளரின் புனிதத்தைக் காப்பாற்றுவது நம் வேலை இல்லை. அவர் நமக்கு என்ன செய்தார் என்பதற்கு 67 என்ற எண் சாட்சி.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். மேலாளரின் மண்டையைத் திறந்து பார்க்க முடியாது. இயந்திரத்தைச் சோதிக்கலாம். தோரட் குழு 66 வாரங்கள் தபால் அனுப்பிச் செய்த சோதனையை, இயந்திரத்தின் மீது ஒரே மாலையில் ஆயிரம் தடவை செய்யலாம். காலனி என்று ஒரு விண்ணப்பம், நகர் என்று ஒரு விண்ணப்பம், மற்றதெல்லாம் ஒன்று, மதிப்பெண் மாறுகிறதா? மாறினால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். சாதிப் பாகுபாட்டுக்கு இவ்வளவு தெளிவான சாட்சியம் நமக்கு முன்பு கிடைத்ததில்லை. ஆனால் சோதிக்கும் உரிமை நம்மிடம் இருக்க வேண்டும். இன்று அது இல்லை. வணிக ரகசியம் என்று கதவைச் சாத்துகிறார்கள்.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு வழிமுறை இருக்கிறது

அல்காரிதம் என்பதைத் தமிழில் படிமுறை என்கிறார்கள். படிமுறைப்படி ஆள் எடுப்பது நமக்குப் புதிதல்ல. அரசு வேலையில் இனச்சுழற்சி என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன? 200 இடங்கள் கொண்ட ஒரு சுழற்சி. எந்த இடம் பொதுப்பிரிவு, எந்த இடம் பட்டியல் சாதி, அதில் எந்த இடம் அருந்ததியருக்கு முன்னுரிமை, எந்த இடம் பழங்குடி என்று வரிசையாக அச்சில் இருக்கிறது. 69 சதவீதம் என்ற கொள்கையை ஒவ்வொரு நியமனத்திலும் நடைமுறையாக்கும் கணக்கு அது. அதுவும் ஒரு படிமுறைதான். வித்தியாசம் எங்கே? இனச்சுழற்சி விதி அரசிதழில் இருக்கிறது. எத்தனையாவது இடத்தில் நிற்கிறோம் என்று பதிவேடு சொல்லும். தாண்டிப் போனால் வழக்குப் போடலாம், போட்டிருக்கிறோம், வென்றும் இருக்கிறோம்.

நம் பிள்ளைகள் அடிக்கடி ஒரு குழப்பத்தில் சிக்குகிறார்கள். சாதியை மறைப்பதா, சொல்வதா? இனச்சுழற்சி இதற்கு விடை வைத்திருக்கிறது. ஒருவரை எடைபோடும் இடத்தில் சாதி தெரியக் கூடாது. நிறுவனத்தை எடைபோடும் இடத்தில் சாதிக் கணக்கு இருந்தே ஆக வேண்டும். விடைத்தாளில் பெயர் இருக்காது. தேர்வுப் பட்டியலில் பிரிவு இருக்கும். தனியார் நிறுவனங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. ஆளைப் பார்க்கும்போது பின்னணியைத் துருவுகிறார்கள். கணக்குக் கேட்டால் நாங்கள் சாதி பார்ப்பதில்லை என்கிறார்கள்.

வெளியே என்ன நடக்கிறது? நியூயார்க் நகரில் 2023 ஜூலையிலிருந்து, ஆள் எடுக்கும் தானியங்கிக் கருவியை வைத்திருக்கும் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியாரைக் கொண்டு பாகுபாட்டுத் தணிக்கை செய்து முடிவை வெளியிட வேண்டும். அதில் பாலினமும் இனமும் உண்டு, சாதி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் சட்டம் வேலைவாய்ப்புக் கருவிகளை அதிக ஆபத்துள்ளவை என்று வகைப்படுத்துகிறது. பணியிடத்தில் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிப்பதைத் தடைசெய்கிறது. பக்கத்தில் கர்நாடகம் 2025-இல் இயற்றிய செயலித் தொழிலாளர் சட்டம், தானியங்கி முறை எதை வைத்து முடிவெடுக்கிறது என்பதைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் தராமல் நீக்கக் கூடாது என்கிறது. பெங்களூரில் சாப்பாட்டுப் பை சுமந்து வண்டி ஓட்டும் தர்மபுரிப் பையனுக்குத் தன் சொந்த மாநிலத்தில் இல்லாத உரிமை இது.

நம் நிலைமை? செயற்கை நுண்ணறிவுக்குக் கொள்கை வகுத்த முன்னோடி மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று, 2020-இலேயே வந்தது. அது அரசுத் துறைகளின் பயன்பாட்டுக்கு. தனியார் ஆலை வாசலுக்கு வராது. ஒன்றிய அரசின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு நோக்கத்துக்காக ஊழியரின் தரவை அவருடைய ஒப்புதல் இல்லாமலே கையாள வழிவிடுகிறது. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பதை எளிதாக்கிவிட்டது. பதிவேட்டைக் கேட்டு வாங்கும் நம் பழைய ஆயுதமும் இதனால் மழுங்கும்.

நாம் செய்ய வேண்டியவை

மூன்று கோரிக்கைகளை இந்த அவையின் முன் வைக்கிறேன். ஒன்று, அரசு நிலமும் மின்சாரச் சலுகையும் மானியமும் பெறும் எந்த நிறுவனமும் ஆள் எடுக்கும் மென்பொருளைச் சாதித் தணிக்கைக்கு உட்படுத்தி, முடிவை வெளியிட வேண்டும். தணிக்கைக் குழுவில் நம் ஆட்கள் இருக்க வேண்டும். இரண்டு, நிராகரிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் காரணம் கேட்கவும், ஒரு மனிதர் மறுபடி பார்க்கச் சொல்லவும் உரிமை வேண்டும். மூன்று, ஒப்பந்த முகவர், மென்பொருள் விற்றவர், ஆலை என்று மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டும் வேலையைச் சட்டம் நிறுத்த வேண்டும். யார் ஆலையில் வேலையோ அவரே பொறுப்பு.

நான்காவது ஒன்று உண்டு. அது அரசிடம் கேட்பதல்ல, இங்கே இருக்கும் எழுத்தாளர்களுக்கானது. இயந்திரம் எழுதப்பட்டதைத்தான் படிக்கிறது. நத்தம் காலனி என்று தேடினால் என்ன வரும்? நெருப்பு வரும். வாச்சாத்தி என்று தேடினால் 1992-இன் கொடுமை வரும். அவற்றை எழுதியே ஆக வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால் வாச்சாத்தி வழக்கே இல்லை. ஆனால் அந்த ஊர்களில் செவிலியர் ஆனவர், கணக்கு ஆசிரியர் ஆனவர், பெங்களூரில் கம்பி கட்டிக்கொண்டே தங்கையைப் பொறியாளர் ஆக்கியவர் எல்லோரும் எழுத்தில் எங்கே இருக்கிறார்கள்? அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ஒரு பத்திரிகை தொடங்கியது, பிறர் நம்மைப் பற்றி எழுதிவைத்த பதிவேட்டுக்குப் பக்கத்தில் நம் பதிவேட்டை வைப்பதற்காக. அந்த வேலை முடியவில்லை. நம் சிற்றிதழ்கள் அட்டைப்பெட்டிகளில் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தட்டச்சு செய்து பொதுவெளியில் வைப்போம். எந்த நிறுவனமும் அதை இலவசமாக அள்ளிக்கொண்டு போகாதபடி நிபந்தனையும் வைப்போம்.

அந்தப் பெண்பிள்ளையின் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் இதுதான்: "வேலை கிடைக்க எது உதவுமோ அதை எழுது, அதில் உனக்கு வெட்கம் எதுவும் இல்லை." தனி ஆளுக்கு அதுதான் பதில். வயிற்றுப்பாட்டுக்கு நிற்பவரிடம் போராட்டத்தை ஒப்படைக்கக் கூடாது. காலனி என்று எழுதினாலும் அழைப்பு வரவேண்டும் என்ற போராட்டம் அமைப்பினுடையது, நம்முடையது. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் இன்று முகம் இல்லை, வீடு இல்லை, வாசல் இல்லை. அப்படியென்றால் அதற்கு ஒரு வாசலைச் சட்டத்தால் வைப்போம். வைத்துவிட்டு அங்கே போய் உட்காருவோம்.